குளக்கரையில் ஒரு நாள் ‘டீம் அவுட்டிங்’: கம்பெனி கிளம்பின பிறகு கன்றுக்கு யார் தண்ணி ஊத்துறது?

கம்பெனி டூர்னா ஒரு காலத்துல ஊட்டி, வால்பாறை, கொடிவேரி. ஒரு வேன், பிரியாணி, சாயங்காலம் கயிறு இழுக்கும் போட்டி. அதோட முடிஞ்சுடும். இப்போ கொஞ்சம் மாறியிருக்கு. ஒரே கலர் டி-ஷர்ட், கையுறை, மண்வெட்டி, மரக்கன்று, பின்னாடி ஒரு பேனர். இடம் ஏதாவது ஒரு குளக்கரை. அன்னைக்கு மத்தியானமே போட்டோ லிங்க்ட்இன்ல வந்துடும்.

இயற்கைக்கு நடுவுல ஊழியர்களை ஒண்ணா வேலை செய்ய வைக்கிறது, அதுலயே சுற்றுச்சூழலுக்கும் ஒரு நல்லது பண்றது. இதுதான் ஐடி கம்பெனிகள்ல தொடங்கி ஏற்றுமதி நிறுவனங்கள் வரைக்கும் பரவியிருக்கும் புது ‘டீம் பில்டிங்’. நோக்கம் நல்லதுதான். ஆனா அந்த ஒரு நாளால குளத்துக்கு என்ன கிடைக்குது? வந்த தொழிலாளிக்கு என்ன கிடைக்குது? நொய்யல் கரையில இருக்கும் சாமளாபுரத்தை வச்சு இதை விரிவாகப் பார்க்கலாம்.

சாமளாபுரம் ஏன்?

திருப்பூர் மாவட்டம், பல்லடம் வட்டத்தில் இருக்கும் பேரூராட்சி சாமளாபுரம். ஒரு பக்கம் சோமனூர், இன்னொரு பக்கம் மங்கலம். சுத்தி எங்க திரும்பினாலும் விசைத்தறி சத்தம். கொஞ்ச தூரம் போனா திருப்பூரின் பனியன் கம்பெனிகள். ஊரை ஒட்டி நொய்யல் ஆறு, அந்த ஆத்துத் தண்ணியை நம்பியிருக்கும் குளம்.

இந்தக் குளம் தனிக் குளம் இல்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகப் போய் காவிரியில் கலக்குது. வழியெங்கும் அணைக்கட்டு கட்டி, ராஜவாய்க்கால் வெட்டி, தண்ணியைத் திருப்பி முப்பதுக்கும் மேற்பட்ட குளங்களை நிரப்பினாங்க நம்ம முன்னோர். பேரூர், குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர், சூலூர் என்று வரும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான் சாமளாபுரம் குளம்.

சங்கிலி என்பதுதான் இங்க முக்கியம். மேல இருக்கும் ஊர்க் கழிவுநீர் ஆத்துல கலந்தா, அது கீழே இருக்கும் குளத்துக்குத்தான் வந்து சேரும். ராஜவாய்க்கால் அடைச்சுக்கிட்டா, ஆத்துல வெள்ளம் போனாலும் குளம் காலியா கிடக்கும். கரையில நின்னு பார்க்கிறவங்களுக்கு இது ரெண்டுமே தெரியாது. கண்ணுல படுறது பிளாஸ்டிக் குப்பையும் வெறும் கரையும்தான். அதனாலதான் வர்ற எல்லாருக்கும் உடனே தோணுற ரெண்டு வேலை, குப்பை பொறுக்குறது, மரம் நடுறது.

அந்த ரெண்டுல என்ன தப்பு?

தப்பு இல்லை. ஆனா எப்போ, எங்க, யார் பொறுப்புல என்கிற கேள்வி இருக்கு.

முதல்ல ‘எப்போ’. பெரும்பாலான கம்பெனி மரம் நடும் விழாக்கள் ஜூன் 5, உலக சுற்றுச்சூழல் தினத்தை ஒட்டி நடக்குது. கேரளாவுக்கு அது மழைக்காலம். பல்லடம் பக்கம் கதையே வேற. தென்மேற்குப் பருவ மேகம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே மழையைக் கொட்டிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியா இந்தப் பக்கம் காத்தை மட்டும்தான் அனுப்பும். பல்லடம், உடுமலை பக்கம் இத்தனை காற்றாலை நிக்கிறதுக்குக் காரணமே அதுதான். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னா, வேர் பிடிக்காத கன்று என்ன ஆகும்? இந்தப் பகுதிக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடதான் வருது.

‘ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லியிருக்காங்களே’னு கேட்கலாம். அது தினமும் வயலுக்குப் போற விவசாயிக்குச் சொன்னது. கரையில நட்டுட்டுப் போற வேனுக்குச் சொன்னது இல்லை.

அடுத்து ‘எங்க’. குளத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள்ள மரம் நடுறது குளத்தைச் சுருக்குற வேலை. கரையின் மேல பெரிய மரம் வச்சா, வேர் மண்ணைப் பிளந்து கரை பலவீனமாகலாம். நம்ம ஊர்ல குளக்கரைக்கு பனையைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம் உண்டு. பனைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். அது மண்ணை வலை மாதிரி பிடிச்சு நிக்கும்.

குப்பை எடுக்குறதுலயும் இதே கவனம் வேணும். ‘புதர் மண்டிக் கிடக்கு’னு நாம நினைக்கிற கோரையும் சம்பும்தான் தாழைக்கோழி மாதிரி பறவைகளுக்குக் கூடு கட்டுற இடம். சேறும் சகதியுமா தெரியுற ஓரம்தான் உள்ளான் மாதிரியான வலசைப் பறவைகளுக்குச் சாப்பாட்டு மேசை. ‘க்ளீன்’ பண்றோம்னு அதையும் வழிச்சு எடுத்தா, குளம் போட்டோவுல பளிச்சுனு தெரியும், ஆனா பறவை வராது.

ஆகாயத்தாமரை இன்னொரு உதாரணம். அறுபது பேர் நாள் முழுக்க இழுத்துப் போட்டாலும், சாக்கடைச் சத்து தண்ணியில இருக்கும்வரை அது ரெண்டு வாரத்துல இருமடங்காகக் கூடிய செடி. கழிவுநீரை நிறுத்தாம தாமரையை மட்டும் அள்ளுறது, குழாயை மூடாம தரையைத் துடைக்கிற மாதிரி.

ஒரு சின்ன கணக்கு

உதாரணத்துக்கு, ஒரு கம்பெனியிலிருந்து வந்த குழு 200 கன்று நடுதுன்னு வச்சுக்குவோம். ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 10 லிட்டர், வாரத்துக்கு ரெண்டு தடவை. அப்போ வாரத்துக்கு 4,000 லிட்டர். ஒரு சின்ன டேங்கர் லாரி அளவு. மழை வாரங்களைக் கழிச்சு வருஷத்துக்கு 30 வாரம்னு எடுத்தா 1,20,000 லிட்டர். ரெண்டு வருஷத்துக்கு 60 லோடு.

இதோட வேலி வேணும். ஆடு, மாட்டைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். செத்துப்போன கன்றுக்குப் பதில் புதுக் கன்று வேணும். கன்று வாங்குறதும், டி-ஷர்ட் அடிக்கிறதும், வேன் பேசுறதும் மொத்தச் செலவுல சின்னப் பகுதிதான். பெரிய செலவு எல்லாரும் கிளம்பிப் போன மறுநாள்தான் ஆரம்பிக்குது. அந்தச் செலவுக்கு பட்ஜெட் போடாத நிகழ்ச்சி, பெயருக்கு மரம் நடும் விழா, நிஜத்தில் பிக்னிக்.

இது நம்ம ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. 2019 நவம்பர் 11 அன்று துருக்கியில் ஒரே நாளில் 1.1 கோடி கன்றுகள் நட்டாங்க. ஒரு மணி நேரத்தில் ஒரே இடத்தில் அதிக கன்று நட்டதுக்கு கின்னஸ் சாதனையும் கிடைச்சது. சில மாசத்துலயே, தாங்கள் ஆய்வு செஞ்ச இடங்களில் 90 சதவீதம் வரை கன்றுகள் பட்டுப்போச்சுன்னு அந்நாட்டு வனத்துறை தொழிற்சங்கம் சொன்னது. அரசு அதை மறுத்து, பெரும்பாலானவை உயிரோட இருக்குன்னு சொன்னது. யார் சொன்னது சரின்னு அந்நாட்டில் பெரிய விவாதமே நடந்தது. ஆனா கின்னஸ் புத்தகத்துக்கு உயிரோட இருக்கும் எண்ணிக்கை தேவைப்படலை, நட்ட எண்ணிக்கையே போதும்.

சி.எஸ்.ஆர். கணக்கில் இதைக் காட்ட முடியுமா?

பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கு. நிகர மதிப்பு ரூ.500 கோடி, அல்லது விற்றுமுதல் ரூ.1,000 கோடி, அல்லது நிகர லாபம் ரூ.5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பொறுப்புக்குச் செலவிடணும். சுற்றுச்சூழல் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் உண்டு.

ஆனா சில கோடுகள் போட்டிருக்காங்க.

• சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பலன் தரும் செயல்கள் சி.எஸ்.ஆர். ஆகாது. டீம் பில்டிங் ஊழியருக்கான பயிற்சி. அது கம்பெனியின் சொந்தச் செலவு.

• மாரத்தான், விளம்பரம், ஸ்பான்சர்ஷிப் மாதிரி ஒரு தடவை நடந்து முடியும் நிகழ்ச்சிகள் சேராது என்று கார்ப்பரேட் விவகாரத் துறை அமைச்சகம் 2014-லேயே விளக்கம் கொடுத்திருக்கு.

• ஊழியர்கள் தன்னார்வலரா வர்றதை அமைச்சகம் ஊக்குவிக்குது. ஆனா அவங்க செலவிட்ட நேரத்தை ரூபாயா மாத்தி சி.எஸ்.ஆர். கணக்கில் சேர்க்க முடியாது.

சுருக்கமா, ஒரு நாள் கூத்தை சட்டமே சி.எஸ்.ஆர். என்று ஏத்துக்கலை. மூணு வருஷம் கன்றைக் காப்பாத்துற திட்டத்துக்குக் கொடுக்கும் பணத்துக்கு வழி இருக்கு. சட்டம் சரியான பக்கம்தான் நிக்குது.

திருப்பூர்ல இந்தக் கேள்வி ஏன் இன்னும் கனமானது?

காரணம், இந்த ஊருக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. பனியனுக்குச் சாயம் ஏத்தின தண்ணி பல வருஷம் நொய்யல்லதான் கலந்தது. பாசனத்துக்காக 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்குற தொட்டியா மாறிப்போச்சு. கீழ்ப்பகுதி விவசாயிகள் நிலத்தையும் கிணத்தையும் இழந்து கோர்ட்டுக்குப் போனாங்க. 2006-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு, 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செஞ்சது. அப்புறமும் கழிவு நிக்கலை. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வருஷம் திருப்பூர் பட்ட பாடு ஊருக்கே தெரியும். வேலையில்லாம சொந்த ஊருக்கு பஸ் ஏறினவங்க எத்தனையோ பேர்.

அதுக்கப்புறம்தான் ‘ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்’ நிஜமா நடைமுறைக்கு வந்தது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாம, சுத்திகரிச்சு 90 சதவீதத்துக்கு மேல தண்ணியை மறுபடியும் சாயப்பட்டறைக்கே திருப்புற முறை. செலவு அதிகம். ஆனா இன்னைக்கு வெளிநாட்டு பையர்கள்கிட்ட திருப்பூர் பெருமையாச் சொல்லிக்கிற விஷயமும் அதுதான்.

நொய்யலுக்குக் கிடைச்ச பெரிய நல்லது கரையில நட்ட கன்றால வரலை. கம்பெனிக்குள்ள குழாயை மாத்தினதாலதான் வந்தது. அதனால ‘சுற்றுச்சூழல் டீம் பில்டிங்’ பண்ற எந்தக் கம்பெனியும் முதல்ல தன் கேட்டுக்குள்ள பார்க்கணும். கட்டிங் வேஸ்ட் எங்க போகுது? பாலிபேக் என்ன ஆகுது? கேன்டீன் கழிவுநீர் எந்த ஓடையில விழுது? இதுக்குப் பதில் இல்லாம குளத்துல குப்பை பொறுக்குறது சரியா வராது.

ஞாயிற்றுக்கிழமை யாருடையது?

போட்டோவுல தெரியாத இன்னொரு விஷயம் இது. இந்த மாதிரி அவுட்டிங்குக்குப் போறது பெரும்பாலும் ஆபீஸ் ஸ்டாஃப். மெர்ச்சண்டைசர், அக்கவுண்ட்ஸ், ஹெச்.ஆர். அவங்களுக்கு அது மாசச் சம்பளத்துல ஒரு நாள். அதே கம்பெனியில பவர் டேபிள் டெய்லருக்கும், செக்கிங் அக்காவுக்கும், அயர்ன் மாஸ்டருக்கும் கணக்கே வேற. அவங்களுக்கு ஷிப்ட் கணக்கு, பீஸ் ரேட். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயித்துக்கிழமை துணி துவைச்சு, கறி எடுத்து, மளிகை வாங்கி, பிள்ளைகளைப் பார்க்கிற ஒரே நாள் அது. விடுதியில தங்கியிருக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளிக்கு ஊருக்கு போன் பேசுற நாளும் அதுதான்.

அந்த நாளை ‘எல்லாரும் கண்டிப்பா வரணும்’னு எடுத்துக்கிட்டா, அதுக்குப் பேர் தன்னார்வம் இல்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வந்த உரிமை. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும், வாரத்துக்கு 6 நாளுக்கு மேல வேலை வாங்கக்கூடாதுன்னுதான் சொல்லுது. குளக்கரையில மண் சுமக்கணும்னு கம்பெனி விரும்பினா, வேலை நாள்ல, சம்பளத்தோட, ஷிப்ட் கணக்குல கூட்டிட்டுப் போறதுதான் நியாயம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. மேனேஜரும் ஹெல்பரும் ஒரே பாண்டுச் சட்டியை மாத்தி மாத்திக் கை கொடுத்துத் தூக்கும்போது உண்டாகுற பழக்கம் நிஜமானது. மீட்டிங் ரூம்ல எத்தனை பயிற்சி வகுப்பு வச்சாலும் அது கிடைக்காது. அதுவும் மண் வேலை பத்தி மேனேஜரைவிட ஹெல்பருக்குத்தான் அதிகம் தெரியும். ஒடிசாவுல விவசாயம் பார்த்துட்டு வந்தவர், திருப்பூர் ஹெச்.ஆருக்கு மண்வெட்டி பிடிக்கச் சொல்லிக் கொடுப்பார். அதுக்கு அவங்களையும் வேன்ல ஏத்தணும்.

குடிமராமத்து: பழைய டீம் பில்டிங்?

ஊரே சேர்ந்து குளம் தூர் வாருறது நமக்குப் புதுசு இல்லை. குடிமராமத்துன்னு பேர். ‘மராமத்து’ அரபு மொழியிலிருந்து வந்த சொல், பழுது பார்க்கிறதுன்னு அர்த்தம். ‘குடி’ நம்ம சொல். குடிமக்கள் தாங்களே செய்யும் பழுதுபார்ப்பு. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து வாய்க்கால் வெட்டணும், மதகு சரி பண்ணணும். 2017-ல் தமிழக அரசு ஏரி, குளங்களைத் தூர் வாரும் திட்டத்தைத் தொடங்கினப்போ இந்தப் பேரையேதான் வச்சது.

இதை அப்படியே பொற்காலம்னு கொண்டாடவும் வேண்டாம். 1858-ல் பிரிட்டிஷ் ஆட்சி இதை ஒரு சட்டமாவே போட்டது. அந்தச் சட்டத்தின் பேரே ‘மெட்ராஸ் கட்டாய உழைப்புச் சட்டம்’. யார் நிலத்துக்குத் தண்ணி பாய்ஞ்சதோ அவங்க ஒரு பக்கம், கூலியில்லாம மண் சுமந்தவங்க இன்னொரு பக்கம்னு நடந்ததும் உண்டு. கட்டாய ஞாயிற்றுக்கிழமை அவுட்டிங்குக்கும் இதுக்கும் தூரம் ரொம்ப இல்லை.

ஆனா குடிமராமத்துல ஒரு நல்ல விஷயம் இருந்தது. வந்தவங்களே அடுத்த வருஷமும் வருவாங்க. வாய்க்கால் எங்க அடைச்சிருக்கு, போன வருஷம் போட்ட மண் எங்க சரிஞ்சதுன்னு அவங்களுக்குத் தெரியும். அதே தண்ணியைத்தான் அவங்க குடிச்சாங்க. இன்னைய கார்ப்பரேட் அவுட்டிங்ல காணாமப் போயிருக்கிறது அந்தத் தொடர்ச்சி மட்டும்தான். இந்த வருஷம் ஒரு குளம், அடுத்த வருஷம் வேற குளம்னு போறவங்களுக்கு எந்தக் குளமும் தெரியாது.

உருப்படியா நடக்குதா எங்கயாவது?

நடக்குது, நம்ம பக்கத்துலயே.

• கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு 2017-ல் பேரூர் பெரிய குளத்தில் தொடங்கி, ஞாயிறுதோறும் களத்துல நிக்குற தன்னார்வலர் குழு. கம்பெனிக் குழுக்கள் ஒரு நாள் வந்து சேர்ந்துக்கிட்டாலும், அடுத்த வாரம் வேலையைத் தொடர ஆள் இருக்கு.

• திருப்பூர் தொழில்துறையினர் பங்களிப்போட ‘வெற்றி’ அமைப்பு 2015-ல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ திட்டத்தில் லட்சக்கணக்கான கன்றுகள் நட்டிருக்காங்க. தண்ணியும் பாதுகாப்பும் இருக்கும் நிலமாப் பார்த்து, நிலத்துக்காரர் பொறுப்போட நடுறது இதோட பலம்.

• ஊத்துக்குளி ரோட்டில் சர்க்கார் பெரியபாளையம் அருகே இருக்கும் நஞ்சராயன் குளம், சுமார் 440 ஏக்கர். 2022-ல் தமிழகத்தின் 17-வது பறவைகள் சரணாலயமா அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பிடிச்சது. இதுக்குப் பின்னாடி திருப்பூர் இயற்கைக் கழகம் வருஷக்கணக்கா எடுத்த பறவைக் கணக்கெடுப்பும் இருக்கு. பைனாகுலரும் நோட்டும்தான் அவங்க கருவி.

கடைசி உதாரணம் கம்பெனிகளுக்கு நல்ல யோசனை. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழகம் முழுக்க ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடக்குது. கால் மணி நேரம் ஒரு இடத்துல நின்னு, பார்த்த பறவைகளை எண்ணிப் பதிவு செஞ்சா போதும். சாமளாபுரம் குளத்துக்கு ஒரு குழு வருஷா வருஷம் ஜனவரியில வந்து எண்ணினா, பத்து வருஷத்துல அந்தக் குளத்தின் வரலாறே கையில இருக்கும். குளத்துக்கு ஒரு கீறல் கூட விழாது.

உங்க கம்பெனி அடுத்து கிளம்பும்போது கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. குளம் யார் பொறுப்புல இருக்கு, நீர்வளத்துறையா, பேரூராட்சியா? அனுமதி வாங்கியாச்சா?

2. இந்தக் குளத்துக்கு என்ன தேவைன்னு ஊர்க்காரங்ககிட்டயும் பாசன விவசாயிகள்கிட்டயும் கேட்டாச்சா?

3. நடுறது ஜூன்லயா, மழைக்கு முன்னாடி புரட்டாசியிலயா?

4. ரெண்டு வருஷத் தண்ணிக்கும் வேலிக்கும் காவலுக்கும் பணம் ஒதுக்கியாச்சா? யாருக்குச் சம்பளம்?

5. வர்றவங்களுக்கு அது சம்பள நாளா? ‘வரலை’ன்னு சொல்ல உரிமை இருக்கா?

6. ஒரு வருஷம் கழிச்சு, நட்டதுல எத்தனை உயிரோட இருக்குன்னு எண்ணி வெளியிடுவாங்களா?

ஆறாவது கேள்விக்கு ‘ஆமா’ன்னு பதில் வந்தா, மத்த அஞ்சுக்கும் பதில் தானா வந்துடும். உயிரோட இருக்கும் கன்றை எண்ணப் போறோம்னு தெரிஞ்சா எந்தக் கம்பெனியும் ஜூன் மாசக் காத்துல நடாது, வேலி போடாம விடாது.

சாமளாபுரம் மாதிரி ஊர்களுக்கு கம்பெனிகள் வரட்டும். வந்தா ராஜவாய்க்காலையும் ஒரு நடை நடந்து பார்த்துட்டுப் போகட்டும். எங்க அடைச்சிருக்கு, எங்க சாக்கடை கலக்குதுன்னு குறிச்சு அதிகாரிகள்கிட்ட மனுவா கொடுக்கட்டும். ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் போகும் மனுவுக்கு, ஊர்க்காரர் மனுவைவிட சீக்கிரம் பதில் வரும். அந்தச் செல்வாக்கைக் குளத்துக்காகச் செலவு பண்றது 200 கன்றைவிடப் பெரிய உதவி.

உங்க கம்பெனி போன வருஷம் நட்ட கன்று இப்போ எப்படி இருக்கு? ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்து கமென்ட்ல சொல்லுங்க.